கல்லூரி வளாகத்தில் நிலநடுக்க ஒத்திகை: கோப்பு எழுதுவதிலிருந்து தலை எண்ணுவது வரை

"இந்த ஆண்டு நிலநடுக்க ஒத்திகைக்கு நீங்கள்தான் ஒருங்கிணைப்பாளர்" என்று உங்கள் பெயருக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறதா? பெரும்பாலும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், யூத் ரெட் கிராஸ் பொறுப்பாளர், இல்லாவிட்டால் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் தலையில்தான் இந்த வேலை வந்து விழும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வளாகத்தில் இதை நடத்தி முடிப்பதற்குள் எந்தக் காகிதத்தை எந்த மேசையில் கொடுப்பது, எதற்கு எவ்வளவு ஆகும், எது எத்தனை நாள் இழுக்கும் என்று ஒன்றும் தெரியாமல் நான் அலைந்தது கொஞ்சமில்லை. டெல்டா மாவட்டங்களில் அடுத்து இதைச் செய்யப்போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இது இரண்டு வேலை. தரை ஆடும்போது உடம்பு என்ன செய்ய வேண்டும் என்று பழக்குவது ஒன்று. ஆட்டம் நின்ற பிறகு ஆயிரக்கணக்கான பேருக்குத் தகவல் போய்ச் சேருகிறதா என்று சோதிப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பல இடங்களில் மணி அடித்தவுடன் எல்லோரும் மைதானத்துக்கு ஓடிவந்து, புகைப்படம் எடுத்து, கலைந்துபோகிறார்கள். அது தீ ஒத்திகைக்குச் சரி. நிலநடுக்கத்தில் ஆட்டம் நிற்பதற்கு முன் ஓடுவதுதான் ஆபத்து.

1. "நமக்கு எதற்கு நிலநடுக்கம்?" என்பவருக்கான பதில்

கோப்பு முதல் மேசையிலேயே இந்தக் கேள்வியோடு திரும்பி வரும். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி 1893-இன் 2016 பதிப்பில் தஞ்சாவூரும் திருச்சியும் இரண்டாம் மண்டலம், அதாவது அந்த வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலம். இதை மறைக்காதீர்கள், நீங்களே குறிப்பில் எழுதிவிடுங்கள். அதற்குக் கீழே இரண்டு விஷயம் சேருங்கள். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது; தமிழகக் கடலோரம் முழுக்க அதை உணர்ந்தது. அடுத்தது நம் மண். ஆற்று வண்டல் படிந்த, நீர்மட்டம் மேலே இருக்கிற தளர்வான மண், கீழே இருந்து வரும் அதிர்வைப் பாறையைவிட அதிகமாகவே மேலே காட்டும்.

ஆனால் கையெழுத்து வாங்கித் தருவது பெரும்பாலும் இந்த இரண்டுமல்ல. "இதே சைரன், இதே குறுஞ்செய்தி, இதே தலை எண்ணிக்கை முறைதான் புயலுக்கும் தீ விபத்துக்கும் ஆகும்" என்று ஒரு வரி எழுதுங்கள். 2018-இல் கஜா புயலைப் பார்த்த டெல்டாவில் அந்த வரியை மறுக்க யாருக்கும் மனம் வராது.

2. தேதி பிடிப்பது

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மைதானம் சேறாகிவிடும், மழை விடுமுறை எப்போது வரும் என்று தெரியாது, மாவட்ட நிர்வாகமும் உண்மையான வெள்ளப் பணியில் இருக்கும். பருவத் தேர்வு நடக்கும் நவம்பர், டிசம்பர், ஏப்ரல், மே மாதங்களும் சரிவராது. மிச்சம் இருப்பதில் நல்ல காலம் பொங்கல் முடிந்து பிப்ரவரி இறுதிவரை, அல்லது வகுப்புகள் தொடங்கி ஒரு மாதம் ஆன ஆடி மாதக் கடைசி. செவ்வாய், புதன், வியாழனில் காலை பத்தரைக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமை மதியமே பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

தேதியை எழுதுவதற்கு முன் உள்ளூர்த் திருவிழா நாட்களைப் பாருங்கள். திருவாரூர் ஆழித்தேர், தஞ்சைச் சதய விழா, கும்பகோணத்தில் மாசி மகம் போன்ற நாட்களில் காவல்துறையும் தீயணைப்புத் துறையும் அங்கேதான் நிற்கும். உங்கள் வளாகத்துக்கு ஒரு வண்டிகூட வராது.

மொத்தத்தில் எட்டு வாரம் கையில் இருக்க வேண்டும். அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது குறுஞ்செய்திப் பதிவு. ஐந்தாவது படியில் விரிவாகச் சொல்கிறேன். ஆனால் அந்த வேலையை முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

3. கோப்பும் கடிதங்களும்

உள்ளே தேவைப்படுபவை: பதிவாளர் அல்லது முதல்வருக்கு ஒரு பக்கக் குறிப்பு, செலவு மதிப்பீடு, ஒவ்வொரு கட்டடத்துக்கும் தரைத்தள வரைபடம், ஒப்புதல் வந்த பிறகு எல்லாத் துறைக்கும் சுற்றறிக்கை. வரைபடம் சுலபமாகக் கிடைக்காது. எஸ்டேட் பிரிவில் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் தீயணைப்புத் தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பித்த பழைய கோப்பில் ஒரு நகல் இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் சிவில் துறை மாணவர்கள் ஒரு வாரத்தில் அளந்து வரைந்து தருவார்கள்.

வெளியே போக வேண்டிய கடிதம் ஒன்றுதான், நகல்கள் பல. மாவட்ட ஆட்சியரே மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்பதால் கடிதம் அவர் பெயருக்கு. நேரில் பார்க்க வேண்டியவர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பேரிடர் மேலாண்மைத் தாசில்தார். நகல்களைத் தீயணைப்பு நிலைய அலுவலர், உள்ளூர்க் காவல் ஆய்வாளர், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், ஊராட்சித் தலைவர் ஆகியோருக்குக் கொடுங்கள். கடிதத்தில் தேதி, நேரம், சைரன் எத்தனை நிமிடம் ஒலிக்கும், எத்தனை பேர் கலந்துகொள்வார்கள், தொடர்பு எண் எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் தபால் பிரிவில் உங்கள் நகலின் மேல் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் அனுப்பியாயிற்று என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஒத்திகை நாளன்று "எங்களுக்குத் தகவலே இல்லையே" என்று ஒரு அலுவலகத்திலிருந்து போன் வரும்போது அந்த முத்திரைதான் பேசும்.

தீயணைப்பு வீரர்கள் வந்து மீட்பு முறையைச் செய்து காட்டுவார்கள். வண்டிக்கோ பயிற்சிக்கோ கட்டணம் உண்டா என்று கடிதம் கொடுக்கும்போதே கேட்டு, இருந்தால் மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். பின்னால் தனியாக அனுமதி வாங்குவது பெரும்பாடு.

4. வளாகத்தைச் சுற்றி நடங்கள்

எஸ்டேட் பிரிவு மேஸ்திரி ஒருவர், எலக்ட்ரீஷியன், ஒரு மாணவர், நீங்கள். நான்கு பேர் ஒரு முழு நாள் நடந்தால் போதும். விழக்கூடியது எது, வழியை அடைப்பது எது, பூட்டியிருப்பது எது என்ற மூன்றைத் தேடுங்கள்.

விழக்கூடியதில் முதலிடம் வாசலுக்கு நேர் மேலே இருக்கும் சன்ஷேடும் கைப்பிடிச் சுவரும். கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து நிற்கிற சன்ஷேடு நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் சாதாரணம். ஆட்டத்தின்போது வெளியே ஓடுபவர் தலையில் விழுவது அதுதான். அடுத்து நூலக ரேக்குகள், ஆய்வகத்தில் உயர அடுக்கில் இருக்கும் அமில பாட்டில்கள், ஸ்டாஃப் ரூம் பீரோவின் மேல் அடுக்கிய விடைத்தாள் கட்டுகள், மெஸ்ஸில் சங்கிலி போடாமல் நிற்கும் கேஸ் சிலிண்டர்கள். ரேக்கையும் பீரோவையும் சுவரோடு எல் வடிவக் கம்பித்தகடு வைத்துத் திருகிவிடலாம். ஒன்றுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது.

பூட்டியிருப்பது பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளில் மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கும். ஒரு பக்கத்து கிரில் கேட் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். பெண்கள் விடுதியில் இரவு ஒன்பதுக்குப் பிறகு எல்லா கேட்டும் பூட்டு. ஒரு விடுதியில் பின்பக்க கேட்டின் சாவியைக் கேட்டபோது வாட்ச்மேன் அண்ணன் சொன்னது: "சாவி வார்டன் மேடம்கிட்ட இருக்கு சார். மேடம் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிடுவாங்க." அந்தப் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தோம். சாவித் துளை துருவேறி அடைந்திருந்தது. சாவி இருந்தாலும் திறந்திருக்காது. 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் குறுகலான ஒரே படிக்கட்டு மட்டும் இருந்து, வெளியேற முடியாமல் எத்தனை குழந்தைகள் போனார்கள் என்று நம் பகுதியில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மொத்தம் 94 பேர். ஆகவே ஒவ்வொரு கேட்டுக்கும் இரண்டு சாவி: ஒன்று கேட்டின் உட்புறத்தில் கண்ணாடிப் பெட்டியில், இன்னொன்று இரவுக் காவலரிடம். பாதுகாப்பு என்று ஆட்சேபம் வரும். கண்ணாடிப் பெட்டி உடைந்தால் மணி அடிக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வைத்தால் ஆட்சேபம் அடங்கும். இதை எழுத்தில் வாங்காமல் ஒத்திகைத் தேதிக்குப் போகாதீர்கள்.

கூடுமிடம் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் உயரத்தைவிட ஒன்றரை மடங்கு தூரமாவது தள்ளி இருக்கட்டும். மேலே மின்கம்பி, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, வாய்க்கால் கரை எதுவும் கூடாது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குமா என்று தோட்டக்காரரைக் கேளுங்கள். எஸ்டேட் பிரிவைவிட அவருக்குத்தான் தெரியும்.

ஓடு வேய்ந்த ஒற்றை மாடிப் பழைய கட்டடம், மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரைக் கட்டடம் இருந்தால் அங்கே உள்ளே பதுங்குவதா, உடனே வெளியேறுவதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்து எழுதித் தரட்டும். பொது விதியை அங்கே நாமாகப் பொருத்தக் கூடாது.

5. குறுஞ்செய்திப் பதிவு

அதிகம் இழுக்கும் வேலை இதுதான். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனம் டிஎல்டி தளத்தில், அதாவது மொத்தக் குறுஞ்செய்தி அனுப்புவோருக்கான பதிவுத் தளத்தில், பதிவாகியிருக்க வேண்டும். அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் இரண்டும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்தி ஒருவருக்கும் போகாது. பல நேரம் போகவில்லை என்ற தகவல்கூட உங்களுக்குத் தெரியாது.

புதிதாகப் பதிவதற்கு முன் அலுவலகத்தில் விசாரியுங்கள். வருகைப்பதிவு, கட்டண நினைவூட்டல் என்று ஏற்கெனவே குறுஞ்செய்தி போய்க்கொண்டிருந்தால் பதிவு இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பதிவு யார் மின்னஞ்சலில், யார் கைபேசி எண்ணில் இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. முன்பு மென்பொருள் போட்டுக்கொடுத்த ஒரு நிறுவனத்தின் பணியாளர் பெயரில் எங்கள் பதிவு இருந்தது. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அந்த நிறுவனமும் போனை எடுக்கவில்லை. பதிவைக் கல்லூரி மின்னஞ்சலுக்கு மாற்ற முத்திரையிட்ட கடிதங்கள் மாறி மாறிக் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் இடத்தில் இப்படி இருந்தால் ஒத்திகைக்காக இல்லாவிட்டாலும் உடனே மாற்றுங்கள்.

புதிதாகப் பதிவதானால் பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ, வி (வோடஃபோன் ஐடியா) ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் தளத்தில் செய்தால் போதும். நிறுவனத்தின் பான் அட்டை, ஜிஎஸ்டி எண் இருந்தால் அதன் சான்று, நிறுவனம் தொடங்கிய ஆணை அல்லது பதிவுச் சான்று, பொறுப்பாளரின் அடையாள அட்டை, நிறுவனத் தாளில் கையெழுத்தும் முத்திரையும் இட்ட அதிகாரக் கடிதம் ஆகியவை வேண்டும். தனியார் நிறுவனத் தளங்களில் பதிவுக் கட்டணம் வரியோடு சுமார் ஆறாயிரம் ரூபாய் ஆகும். அரசு நிறுவனமென்றால் சலுகை உண்டா என்று கேளுங்கள். அதிகாரக் கடிதத்தின் வாசகம் தளத்தில் கொடுத்த மாதிரியிலிருந்து ஒரு சொல் மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். பதிவு முடிந்ததும் ஆறெழுத்து அனுப்புநர் பெயர், பிறகு வாசகங்கள், பிறகு செய்தி அனுப்பித் தரும் நிறுவனத்தோடு உங்கள் பதிவை இணைப்பது. ஒவ்வொன்றும் சில நாள் எடுக்கும். ஒருமுறை நிராகரித்தால் அந்தச் சில நாள் மறுபடியும் முதலிலிருந்து.

வாசகத்தில் கவனிக்க வேண்டியவை இவை. ஆங்கிலக் குறுஞ்செய்தியில் ஒரு பகுதிக்கு 160 எழுத்து, தமிழில் 70 மட்டும். அந்த 70-லும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். "மைதானம்" நமக்கு நான்கெழுத்து, அங்கே ஏழு. 70-ஐத் தாண்டினால் செய்தி 67, 67 என்று துண்டாகும். செலவும் அந்தக் கணக்கில் பெருகும். நாங்கள் கடைசியில் வைத்த வாசகம் இது:

"ஒத்திகை. கட்டடங்களை விட்டு மைதானத்துக்கு வாருங்கள். லிஃப்ட் வேண்டாம்."

இது 69 இடம். நிறுவனத்தின் பெயரையும் சேர்க்கச் சொல்வார்கள். அப்போது இரண்டாம் துண்டு வந்துவிடும், தவிர்க்க முடியாது. அதனால்தான் வேண்டியது எல்லாம் முன்னாலும் பெயர் கடைசியிலும் இருக்க வேண்டும்.

ஒத்திகைக்கு ஒரு வாசகம், உண்மைக்கு ஒரு வாசகம், "நிலைமை சரி, திரும்பலாம்" என்பதற்கு ஒன்று என்று தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒரே வாசகத்தில் "ஒத்திகை" என்ற இடத்தை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அவசரத்தில் அந்த இடத்தை நிரப்ப மறந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வாசகத்துக்குள் இணைய இணைப்பும் வேண்டாம். அதற்குத் தனி ஒப்புதல் வாங்க வேண்டும்.

"நிலநடுக்கம், குனியுங்கள்" என்றொரு குறுஞ்செய்தியும் வைக்காதீர்கள். ஆட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குறுஞ்செய்தி அதற்குள் வராது. அப்படிப் பழக்கினால் தரை ஆடும்போது பிள்ளைகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆட்டமே சைகை, குறுஞ்செய்தி ஆட்டம் நின்ற பிறகு நடக்க வேண்டியதற்கு மட்டும்.

6. சைரனும் மெகாபோனும்

வகுப்பு மணியையே அவசர மணியாக வைத்தால் யாரும் அசைய மாட்டார்கள். தனி ஒலி வேண்டும், அது மின்சாரம் இல்லாமலும் ஒலிக்க வேண்டும். கஜாவுக்குப் பிறகு மன்னார்குடி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் கரண்டும் செல்போன் கோபுரமும் நாள்கணக்கில் இல்லாமல் கிடந்ததை நினைவில் வைத்துத் திட்டமிடுங்கள். கையால் சுற்றும் சைரன் ஒன்று, கட்டடத்துக்கு ஒரு மெகாபோன், தளத்துக்கு இரண்டு விசில் போதும். மெகாபோனுக்கு மாற்று பேட்டரி வாங்க மறக்காதீர்கள்.

இரண்டு சைகை மட்டும் வையுங்கள். ஒரு நிமிடம் விடாமல் ஒலித்தால் ஆட்டம் நடக்கிறது, பதுங்கு. மூன்று குறுகிய ஒலி மறுபடி மறுபடி வந்தால் ஆட்டம் நின்றது, வெளியேறு. மூன்றாவது சைகை சேர்த்தால் ஒன்றுமே நினைவில் நிற்காது.

7. கைபேசிக்கு வரும் அரசு எச்சரிக்கை

2023-இல் எல்லோர் கைபேசியும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். அது செல் பிராட்காஸ்ட் முறை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் சேர்ந்து சோதித்தன. கோபுரத்திலிருந்து அந்தப் பகுதிக் கைபேசிகளுக்கு மொத்தமாகப் போவதால் எண் பட்டியல் தேவையில்லை, நெரிசலிலும் சிக்காது. உங்கள் வளாகம் தானாக அதை அனுப்ப முடியாது. ஆனால் மாணவர்களின் கைபேசியில் அது வருமா என்று பார்த்துவைக்கலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி, அதற்குள் வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ். ஐபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் அடியில். அங்கே டெஸ்ட் அலர்ட் என்பதையும் இயக்கச் சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டிலேயே எர்த்க்வேக் அலர்ட்ஸ் என்று இன்னொன்று உண்டு. இந்தியாவில் 2023 செப்டம்பரில் வந்தது. லொகேஷனும் இணையமும் இயங்க வேண்டும். அதில் மாதிரி காட்டும் வசதி இருக்கிறது. வகுப்பில் ஒரு கைபேசியில் அதைப் போட்டுக் காட்டுங்கள். அந்த ஒலியை ஒருமுறை கேட்டவர் பிறகு தடுமாற மாட்டார். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலியையும் தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலியையும் வகுப்புக்கு நாலு பேராவது வைத்திருந்தால் நல்லது.

8. மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது

கீழே இறங்கு, தலையை மூடு, பிடித்துக்கொள். இதற்கு வகுப்புக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் செய்து காட்ட வேண்டும். நம் வகுப்பறைகளில் பெஞ்சும் டெஸ்கும் ஒட்டியே இருக்கும்; அடியில் நுழைய இடமிருக்காது. அங்கே இரண்டு பெஞ்சுக்கு நடுவில் முழங்காலிட்டுக் குனிந்து, புத்தகப் பையைப் பின்கழுத்தின் மேல் வைத்து, ஒரு கையால் பெஞ்சுக் காலைப் பிடிக்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் உள்பக்கம் நகர வேண்டும். வாசற்படியில் நிற்கக் கூடாது. கலையரங்கில் இருக்கையிலேயே குனிந்து தலையை மூட வேண்டும். ஆய்வகத்தில் பர்னரை அணைத்துவிட்டு ரசாயன அடுக்கிலிருந்து விலக வேண்டும். விடுதியில் படுத்திருந்தால் படுத்தபடியே தலையணையால் தலையை மூட வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் பிரேக்கைப் போட்டு, குனிந்து, தலையை மூட வேண்டும். வெளியில் இருந்தால் கட்டடம், மரம், மின்கம்பி மூன்றையும் விட்டுத் தள்ளி நின்றால் போதும்.

மாற்றுத்திறனாளி மாணவர் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்து எப்படி இறங்குவது என்று அவரிடமே கேளுங்கள். யார் தூக்குவது, எங்கே பிடிப்பது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவருக்கு இரண்டு நண்பர்கள், ஒருவர் விடுப்பில் இருந்தால் மூன்றாவது ஒருவர்.

கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள், மெஸ் அக்காக்கள், துப்புரவுப் பணியாளர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தனியாக, அவர்களுக்குப் புரிகிற மொழியில், ஒப்பந்ததாரர் முன்னிலையில் சொல்லுங்கள்.

9. எச்சரிக்கைச் சோதனை தனி நாளில்

ஒத்திகைக்கு ஒரு வாரம் முன்பு, யாரும் அசையாமல், ஒலியும் செய்தியும் மட்டும். கட்டடத்துக்கு ஒரு மாணவரை நிறுத்தி, சைரன் கேட்ட நேரம், குறுஞ்செய்தி வந்த நேரம், எந்த நிறுவன சிம் என்று எழுதச் சொல்லுங்கள். நூலகத்தின் உள் அறை, பணிமனை, விடுதிக் குளியலறை, கேன்டீன், வளாகத்தின் கடைக்கோடித் தோட்டம் ஆகியவற்றில் கட்டாயம் ஆள் நிற்க வேண்டும். குறை தெரிவது அங்கேதான். காலை எட்டரைக்கு, பாபநாசம், ஒரத்தநாடு, வல்லம் பக்கம் கல்லூரிப் பேருந்துகள் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் இன்னொரு செய்தி அனுப்பிப் பாருங்கள். ஓட்டுநருக்குத் தகவல் போகும் வழி இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

சோதனைக்கு முந்தைய நாள் பெற்றோருக்குச் செய்தி போயாக வேண்டும். நம் பகுதியில் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். பிள்ளை அனுப்பிய ஒரு ஸ்கிரீன்ஷாட் அங்கே போய், "ஒத்திகை" என்ற சொல் வெட்டுப்பட்டு, ஊர் முழுக்கச் சுற்றிவரும். எங்கள் அலுவலகத் தொலைபேசி அன்று மதியம்வரை ஓயவில்லை. தொலைபேசி எடுக்கும் அலுவலருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் நிர்வாகி மட்டும் எழுதும்படி பூட்டிவிடுங்கள்.

10. ஒத்திகை நாள்

பத்தரைக்கு நீண்ட சைரன், ஒரு நிமிடம். எல்லோரும் பதுங்குகிறார்கள். ஓடுபவரைத் தடுத்து நிறுத்துவது தளத் தன்னார்வலரின் முதல் வேலை. பிறகு மூன்று குறுகிய ஒலி, கூடவே குறுஞ்செய்தி. வரிசையாக, ஓடாமல், தலைக்கு மேல் பையோடு வெளியே. லிஃப்டை அன்று காலையே நிறுத்திவிடுங்கள். ஒரு மாடிப்படியில் "அடைப்பு" என்று பலகை மாட்டி ஒரு ஆளை நிறுத்துங்கள். மாற்று வழியைத் தேடுகிறார்களா என்று அதில்தான் தெரியும்.

தலை எண்ணிக்கைக்கு அன்று முதல் மணி நேர வருகைப்பதிவை அடிப்படையாக வையுங்கள். பதிவேட்டை வகுப்பு ஆசிரியர் கையோடு எடுத்து வர வேண்டும். கணினியில் இருக்கிறது என்றால் கரண்ட் போன நேரத்தில் பயனில்லை. எண்ணிக்கை குறைந்தால் யாரும் உள்ளே போய்த் தேடக் கூடாது, பெயரைத் தீயணைப்பு அலுவலரிடம் கொடுக்க வேண்டும். இதைச் சோதிக்க, யாருக்கும் சொல்லாமல் இரண்டு மாணவர்களை ஒரு ஆசிரியரின் துணையோடு உள்ளேயே இருக்க வைக்கலாம். அவர்கள் இல்லை என்பதை எந்த வகுப்பு எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறது என்பதுதான் அன்றைய ஒத்திகையில் நான் அதிகம் மதிக்கும் எண்.

உண்மையாகவே யாராவது மயங்கி விழுந்தால்? "இது ஒத்திகை அல்ல" என்று மூன்று முறை மெகாபோனில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். 108 வண்டிக்கு வழி விட்டு வையுங்கள். வெயிலில் அரை மணிக்கு மேல் நிறுத்தாதீர்கள். தண்ணீர் கேனும் மோரும் கூடுமிடத்திலேயே இருக்க வேண்டும்.

11. கடலோர வளாகமென்றால்

நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி, காரைக்கால் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு மாற்றம். நீண்ட நேரம் ஆட்டம் இருந்தால் சுனாமி வரலாம் என்பதால் மைதானத்தில் கூடி நிற்காமல் கடலை விட்டு உள்ளே, அல்லது உறுதியான கட்டடத்தின் மேல்தளத்துக்குப் போக வேண்டும். அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். சுமத்ரா போன்ற தொலைவில் நிலநடுக்கம் நடந்தால் இங்கே ஆட்டமே தெரியாமல் போகலாம். 2004-இல் சுனாமி அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இன்று ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் சில நிமிடங்களில் அறிவிப்பு வெளியிடுகிறது. அதை வளாகத்தில் யார் பார்க்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் பார்க்கிறார்கள் என்று பெயர் எழுதி வையுங்கள். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை.

சைரன் ஒலிப்பதற்கு முன்பு பக்கத்து மீனவக் கிராமங்களுக்கு நேரில் போய்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லி, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி முந்தைய நாள் மாலையும் அன்று காலையும் அறிவியுங்கள். அங்கே சைரன் சத்தம் கேட்டு ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட நாம் காரணமாகிவிடக் கூடாது.

12. செலவு

ஐந்தாயிரம் பேர் கொண்ட வளாகத்துக்குக் குறுஞ்செய்திப் பதிவு சுமார் ஆறாயிரம். செய்தி ஒரு துண்டுக்கு இருபது பைசா அளவில், இரண்டு துண்டு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டாயிரம். மெகாபோன் ஒன்று இரண்டாயிரத்துக்குச் சுற்றி, கை சைரன் ஐந்தாறு ஆயிரத்துக்குள். கூடுமிடப் பலகை, கைப்பட்டை, விசில், மோர், தன்னார்வலர் சாப்பாடு. மெகாபோனும் சைரனும் ஒருமுறைச் செலவு என்று மதிப்பீட்டில் தனியாகக் காட்டுங்கள். அடுத்த ஆண்டுக்கான தொகை சிறியது என்று தெரிந்தால் கையெழுத்து சீக்கிரம் விழும். சாவிப் பெட்டியும் ரேக் திருகலும் பராமரிப்புத் தலைப்பில் போகும்.

13. முடிந்த பிறகு

அன்று மாலையே பார்வையாளர்களை உட்காரவைத்து நேரக் குறிப்புகளை வாங்கிவிடுங்கள், மறுநாள் மறந்துவிடும். அறிக்கை இரண்டு பக்கம்: எந்தக் கட்டடம் எத்தனை நிமிடம், எந்த இடத்தில் சைரன் கேட்கவில்லை, எந்த கேட் திறக்கவில்லை, யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். புகைப்படம் பின்னிணைப்பில் போதும். ஒரு நகல் ஆட்சியர் அலுவலகத்துக்கு. மாணவர்களிடம் வாங்கிய கைபேசி எண்களை வேறு எந்த அறிவிப்புக்கும் கொடுக்காதீர்கள். கல்லூரியை விட்டுப் போனவர்களின் எண்ணை ஜூன் மாதம் நீக்கிவிடுங்கள்.

ஆறு வாரத்துக்குள் விடுதிகளில் மட்டும் ஓர் இரவு ஒத்திகை வையுங்கள். இரவு ஒன்பதரைக்கு, கேட் பூட்டிய பிறகு. பெண்கள் விடுதியில் பெண் காவலரும் பேராசிரியைகளும் மட்டும் நிற்க வேண்டும், பெற்றோருக்கு முன்னறிவிப்பு போயிருக்க வேண்டும், மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் அணைத்துவிட வேண்டும். கையில் கடிகாரத்தோடு நின்று, கண்ணாடிப் பெட்டி சாவியால் பின்பக்க கேட் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அந்தப் பூட்டை மறுநாளே மாற்றச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 112, தீயணைப்புக்கு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070 என்று ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்டால் எழுதிவிடுங்கள். ஒட்டும் தாள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.